ஜே. சி. குமரப்பா: கனவு கண்டவரல்லர், கணக்குப் பார்த்தவர்

இருபதாம் நூற்றாண்டிலே தமிழர் மத்தியிலிருந்து தோன்றிய பொருளியற் சிந்தனையாளருள், எந்தப் பள்ளியின் நிழலிலும் ஒதுங்காது தாமே எண்ணித் தெளிந்து, தெளிந்ததைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்தவர் ஜே. சி. குமரப்பா (1892 – 1960). ஆயினும் பொருளியல் பயிலும் தமிழ் மாணவர் மார்க்ஸையும் கெயின்ஸையும் அறிந்த அளவுக்கு அவரை அறிந்திலர். அறிந்தோரிலும் இரு சாரார் உளர். ஒரு சாரார் அவரைக் காந்தியடிகளின் அடியார் கூட்டத்துள் ஒருவராக்கி, நினைவு நாளிலே மாலை சூட்டி, அவர் எழுதியவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவர். மற்றைச் சாரார், மனித குலத்தை மாட்டு வண்டிக் காலத்துக்குத் திருப்பி அழைத்த கனவாளர் என்று ஒரே வாக்கியத்தில் அவரைத் தள்ளிவிடுவர். வணங்குவோரும் இகழ்வோரும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர்: இரு சாராரும் அவரைப் படிப்பதில்லை.

2021ஆம் ஆண்டின் பின்னர் இகழ்வோர் கைக்கு இலங்கையிலே புதியதோர் ஆயுதம் கிடைத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. 2022இல் நாடு வரிசையில் நின்றது. கிராமம், தற்சார்பு, சேதனப் பசளை என்று பேசியோரின் பொருளியல் பரீட்சிக்கப்பட்டுத் தோற்றுவிட்டது என்ற வாதம் அதன் பின் வலுப்பெற்றது. குமரப்பா போன்றோரின் பெயரும் அத்தோல்விக் கணக்கிலே சேர்த்தெழுதப்படுகிறது. இவ்வாதம் தவறானது மாத்திரமன்று, ஆபத்தானதுமாகும். 2021இல் நிகழ்ந்தது குமரப்பாவின் பொருளியலன்று. எதை எதிர்த்து அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டாரோ, அதுவே நிகழ்ந்தது. இதனை நிறுவுவதற்கு அவருடைய வாழ்க்கையையும் அவர் கையாண்ட முறையையும் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

1. கணக்காளர் ஒருவரின் உருவாக்கம்

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் திகதி தஞ்சாவூரிலே கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். குமரப்பா என்ற குடும்பப் பெயரை அவர் பிற்காலத்திலேயே மீட்டெடுத்துக்கொண்டார். இலண்டனிலே கணக்காளராகப் பயிற்சி பெற்று, முதலாம் உலகப் போர்க் காலத்தை அங்கேயே கழித்து, 1919இல் திரும்பிப் பம்பாயிற் கணக்காய்வுத் தொழில் நடத்தினார். நடை உடை யாவற்றிலும் ஆங்கிலக் கனவானாகவே அவர் அக்காலத்தில் வாழ்ந்தார்.

1927இல் அமெரிக்கா சென்று சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகமும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அரச நிதியியலும் கற்றார். கொலம்பியாவில் அவருக்கு ஆசானாக அமைந்தவர் அரச நிதியியலில் உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் செலிக்மன். இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றித் தேவாலயமொன்றிலே குமரப்பா ஆற்றிய உரை பத்திரிகையில் வெளிவந்தது. அதனைக் கண்ட செலிக்மன், அவ்விடயத்தையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு கூறினார். அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குகளைக் கணக்காய்வாளரின் கண்கொண்டு நோக்கத் தொடங்கிய குமரப்பா, தாம் அதுவரை மதித்துப் போற்றிய ஆட்சியின் உண்மை வடிவத்தைக் கண்டுகொண்டார். மக்களின் சோம்பலும் மூடநம்பிக்கையுமே வறுமைக்குக் காரணம் என்று சொல்லப்பட்டு வந்த காலம் அது. வரியாக எடுக்கப்பட்ட பணம் இராணுவத்துக்கும் கடனுக்கும் உயர் உத்தியோகத்தருக்கும் சென்று, கொடுத்தவனிடம் திரும்பி வராமையே பெருங்காரணம் என்று அவர் எண்களாற் காட்டினார்.

இவ்விடத்தில் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. காந்தியடிகளைச் சந்தித்ததனால் குமரப்பா தேசியவாதியானார் என்று சொல்வது பொது வழக்கு. நிகழ்ந்தது மறுதலையானது. கணக்கேடு அவரைத் தேசியவாதியாக்கிற்று. அதன் பின்னரே, 1929 மே மாதத்தில், அவர் சபர்மதிக்குச் சென்றார். கையிற் கொண்டு சென்றது பக்திப் பாடலன்று. அரச நிதி பற்றிய ஆய்வேடு. அவ்வாய்வு பின்னர் காந்தியின் 'யங் இந்தியா' இதழிலே தொடராக வெளிவந்தது.

2. கீழிருந்து தொடங்கும் முறை

காந்தி குமரப்பாவிடம் முதலில் ஒப்படைத்த பணி சொற்பொழிவன்று, கள ஆய்வு. குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள மாத்தர் தாலுகாவில், குஜராத் வித்தியாபீட மாணவர் துணையுடன், அவர் கிராமங்கள் தோறும் சென்று நிலம், கால்நடை, வருமானம், கடன், வரி ஆகியவற்றைப் பதிவு செய்தார். அவ்வறிக்கை 1931இல் வெளிவந்தது. குடியானவனின் வீட்டு வாசலிலே தொடங்கி அரசின் திறைசேரி வரை கணக்கை மேல்நோக்கிக் கொண்டுசென்றமையே அதன் சிறப்பு. திறைசேரியிலே தொடங்கிக் குடியானவனை ஒரு சராசரி எண்ணாக்கி முடிக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது.

அதே 1931ஆம் ஆண்டில், பிரித்தானியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான நிதிப் பொறுப்புகளை ஆராய்வதற்குக் காங்கிரஸ் நியமித்த குழுவிலே குமரப்பா உறுப்பினராயிருந்தார். இந்தியாவின் பெயரில் எழுதப்பட்ட கடன்களுள் எவை இந்திய மக்களின் நன்மைக்காகப் பெறப்பட்டவை, எவை பேரரசின் போர்களுக்காகப் பெறப்பட்டவை என்று பிரித்துப் பார்ப்பதே அக்குழுவின் அடிப்படை வேலை. கடன் பத்திரத்திலே கையொப்பம் இருப்பதனால் மாத்திரம் ஒரு கடன் மக்களுடைய கடனாகிவிடாது என்ற கொள்கை அங்கு நிலைநாட்டப்பட்டது.

கணக்கு விடயத்தில் அவர் யாருக்கும் விலக்கு அளித்தவரல்லர். 1934 பீகார் நிலநடுக்கத்தின் பின்னர் நிவாரண நிதியை மேற்பார்வை செய்த காலத்தில், அங்கு வந்த காந்திக்கும் அவருடைய குழுவினருக்கும் ஆகும் செலவை அந்நிதியிலிருந்து கொடுக்க இயலாதென மறுத்தார். நிதி பாதிக்கப்பட்டோருக்கானது, வந்து பார்ப்போருக்கானதன்று என்பது அவர் நிலைப்பாடு. மகாத்மாவுக்கே இல்லையென்று சொன்ன ஒருவரை வெறும் அடியாரெனக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

1934ஆம் ஆண்டு இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் செயலாளராகி, வார்தாவின் மகன்வாடியில் அமர்ந்தார். எண்ணெய்ச் செக்கு, தாவர எண்ணெய் விளக்கு, நெல் உமி நீக்கும் கருவி, காகிதம், தேனீ வளர்ப்பு என அங்கு நடந்தவை யாவும் பரிசோதனைகளே. 1938இல் நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலே சேர்ந்து, அதன் போக்குத் தமக்கு ஒவ்வாதெனக் கண்டு சில மாதங்களிலேயே விலகினார். 1942இன் போராட்டக் காலத்தில் சிறை சென்றார். 'நிலைத்த பொருளாதாரம்' என்று தமிழில் வழங்கும் அவரது முதன்மை நூல் சிறையிலே எழுதப்பட்டு 1945இல் வெளிவந்தது. சுதந்திரத்தின் பின்னர் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1949இல் வெளிவந்த அதன் அறிக்கை, உழுபவனுக்கே நிலம் என்பதையும் நில உச்சவரம்பையும் வற்புறுத்தியது. ஆட்சிக்கு வந்த நண்பர்கள் அவ்வறிக்கையைக் கிடப்பிற் போட்டனர். அவரோ பதவி எதனையும் நாடாது மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனத்துக்குச் சென்று இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1960 சனவரி 30ஆம் திகதி, காந்தியின் நினைவு நாளன்றே, காலமானார்.

3. நீர்த்தேக்கமும் நீரோட்டமும்

'நிலைத்த பொருளாதாரம்' என்னும் நூலின் மையக் கருத்து மிக எளிமையானது. உலகின் வளங்கள் இருவகைப்படும். எடுக்க எடுக்கக் குறைவன ஒரு வகை: நிலக்கரி, பெற்றோலியம், உலோகக் கனியம். முறையாக எடுத்தால் மீண்டும் மீண்டும் பிறப்பன மறுவகை: காடு, மண்ணின் வளம், மனித உழைப்பு. முதலாவது தேக்கி வைத்த நீர். இரண்டாவது ஓடும் நீர். தேக்கத்தின் மீது கட்டப்படும் வாழ்வு போட்டிக்கும் போருக்கும் இட்டுச் செல்லும் என்று அவர் 1945இலேயே கூறினார். பெற்றோலியத்துக்காக நிகழ்ந்த போர்களை அதன் பின் உலகம் கண்டது.

இவ்வடிப்படையில் அவர் பொருளாதாரங்களை ஐந்தாக வகுத்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலியைப் போன்றது ஒன்று. தான் நடாத தோப்பிலே பழம் பறிக்கும் குரங்கைப் போன்றது மற்றொன்று. தன் முயற்சியாற் கூடு கட்டும் பறவையைப் போன்றது மூன்றாவது. கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீயைப் போன்றது நான்காவது. குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப் பறவையைப் போன்றது ஐந்தாவது. உவமை எளிமையாயிருப்பதனாற் கருத்தும் எளிமையானதென்று பேராசிரியர்கள் கருதிவிட்டனர். ஆனால் கணக்காளர் கேட்கும் வினாவே இதற்குள் இருக்கிறது: ஒரு தொழிலில் எடுப்பவன் யார், இடுபவன் யார்?

மலபாரிலே நெல் விளைந்த நிலங்கள் தென்னந்தோப்புகளாக மாறி, தேங்காயெண்ணெய் சவர்க்கார ஆலைகளுக்குச் சென்றதை அவர் எடுத்துக்காட்டினார். சந்தைக் கணக்கில் அது இலாபம். அரிசிக்குப் பிறரை எதிர்பார்த்து நிற்கும் குடும்பத்தின் கணக்கில் அது நட்டம். இரண்டும் ஒரே நிலத்தின் கணக்குகள். எதனை ஏட்டில் எழுதுவது என்பதே கேள்வி. ஆதலாற்றான் ஒரு இலட்சம் மக்களுக்கு வேண்டிய சமநிலை உணவை முதலில் கணித்து, அதற்கு எவ்வளவு நிலத்தில் எதைப் பயிரிடுவது என்று பின்னர் தீர்மானிக்கும் திட்டத்தை அவர் வகுத்தார். இதனைக் கனவென்று சொல்வோர், அவர் அமைத்த அட்டவணைகளைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

4. 2021இல் தோற்றது யாது?

இனி 2021ஆம் ஆண்டுக்கு வருதல் வேண்டும். குமரப்பா இரசாயனப் பசளையை ஐயத்துடன் நோக்கியவர் என்பதில் மாற்றமில்லை. கூட்டெருவையும் கால்நடையையும் மண்ணின் உயிரையும் அவர் வலியுறுத்தினார். ஆனால் இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு இலங்கையின் தடையை அவர் தலையில் ஏற்றுவது, மருந்தின் பெயர் ஒன்றாயிருப்பதனால் வைத்தியரும் நஞ்சூட்டியவரும் ஒருவரே என்பதை ஒக்கும்.

முதலாவதாக, தடை எங்கிருந்து வந்தது? கொழும்பிலிருந்து, வர்த்தமானி அறிவித்தலாக வந்தது. எந்தக் கமநல சேவைப் பிரிவில் எவ்வளவு மாட்டெரு உண்டு, எந்த வயல்மண் எத்தன்மையது, எத்தனை கமக்காரர் கடனில் உள்ளனர் என்று கிராமங்கள் தோறும் எண்ணிய பின்னர் அது வரவில்லை. மாத்தர் தாலுகாவிலே கணக்கெடுக்காமல் ஒரு விதந்துரையையேனும் எழுத மறுத்தவரின் முறைக்கும் இதற்கும் என்ன உறவு?

இரண்டாவதாக, அவசரம். மண்ணிலே பல்லாண்டுகளாக இரசாயனப் பசளை இடப்பட்ட வயல், ஒரு போகத்தில் மாறாது. மே மாதத்திலே தடை; அவ்வாண்டு பெரும்போகத்திலே விதைப்பு. கூட்டெரு முதிரும் காலத்தைக்கூட அரசு கணக்கிலெடுக்கவில்லை. இழப்பு கண்கூடான பின்னர் நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பயிரின் பருவம் கடந்துவிட்டது.

மூன்றாவதாக, தற்சார்பின் பெயரிலே தொடங்கிய அத்திட்டம், சேதனப் பசளையையே வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவித்தது. வந்த சரக்கிலே தீங்கு செய்யும் பற்றீரியா உண்டென்று கூறி அது மறுக்கப்பட்டது. ஆயினும் இறுதியில் 67 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுக்கப்பட்டது. எருவைக்கூட இறக்குமதி செய்யும் தற்சார்பு, குமரப்பாவின் ஏட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான்காவதாக, நோக்கம். மக்கள் நலமும் மண்ணின் நலமும் மேடையிலே பேசப்பட்டன. பின்னணியில் இருந்தது அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசு அறிவித்தபோது அது வெளிப்படையாயிற்று. கடன்காரருக்குக் கொடுப்பதற்காக வயலிலிருந்து மிச்சம் பிடிக்க முயன்றமையே அத்தடையின் பொருளியல். 1931இல் குமரப்பா ஆராய்ந்தது இத்தகைய ஏற்பாட்டையே: மேலே பட்ட கடன், கீழே கட்டப்படும் விலை. பின்னர் 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோதும் வங்கிகள் தப்பின. சுமை தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியின் மீது சென்றது. எந்தக் கடன் யாருக்காகப் பெறப்பட்டது என்று பிரித்துக் கேட்ட குமரப்பா இன்றிருந்தால், சேதனப் பசளைப் பிரசாரத்துக்கல்ல, இந்தக் கடன் கணக்கை ஆய்வதற்கே தேவைப்பட்டிருப்பார்.

ஆகவே தோற்றது குமரப்பாவின் வழியன்று. மேலிருந்து கட்டளையிட்டால் கீழே மண்ணும் மனிதனும் மாறிவிடுவர் என்ற ஆட்சியாளரின் நம்பிக்கையே தோற்றது. அந்நம்பிக்கை இரசாயனப் பசளையைக் கொண்டுவந்த காலத்திலும் இருந்தது. அதனைத் தடுத்த காலத்திலும் இருந்தது.

5. தம்பிலுவிலில் வைத்துப் பார்த்தல்

ஒரு பொருளியலின் வலிமையை அறிவதற்கு அதனை ஓர் ஊரிலே வைத்துப் பார்த்தல் நல்லது. அம்பாறைக் கரையோரத்துத் தம்பிலுவிலை எடுத்துக்கொள்ளலாம். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, தெற்கே திருக்கோவில், வடக்கே அக்கரைப்பற்று. கரையோரம் நெடுகிலும் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி அமைந்திருக்க, வயலும் சந்தையும் இரு சாராரையும் பிணைத்து நிற்கும் பிரதேசம் இது. மாத்தரிலே கேட்கப்பட்ட வினாக்களை இங்கு கேட்டால் என்ன விடை வரும்?

முதலாம் வினா: விளைந்தது எங்கே போகிறது? நாட்டின் பெரும் நெற்களஞ்சியங்களுள் ஒன்று அம்பாறை மாவட்டம். ஆயினும் அறுவடை முடிந்ததும் ஈரநெல்லாகவே பெருமளவு விற்கப்படுகிறது. காயவைக்கக் களமும் சேமிக்கக் களஞ்சியமும் இன்மையாலும், விதைப்புக்குப் பட்ட கடன் வாசலில் நிற்பதனாலும், விலை ஏறும் வரை காத்திருக்கக் கமக்காரனால் முடிவதில்லை. நெல் லொறியில் பொலநறுவைப் பக்கத்துப் பேராலைகளுக்குச் செல்கிறது. அரிசி பொதியாகத் திரும்பி வருகிறது. போன விலைக்கும் வந்த விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலே ஊரின் வேலையும் தவிடும் உமியும் இலாபமும் சென்றுவிடுகின்றன. நெல்லை விற்று அரிசியை வாங்கும் ஊர் என்றால் குமரப்பாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிராது.

இரண்டாம் வினா: நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது? போடியார், முல்லைக்காரர் என்ற உறவுமுறை கிழக்கிலங்கையின் வயல்களிலே நெடுங்காலம் நிலவியது. அவணக் கணக்கில் வயல் உடையோரும், அந்த வயலிலே கூலிக்கு நின்றோரும் ஒரே கோயிலில் வழிபட்டனர். ஒரே கணக்கில் உண்ணவில்லை. பெயர்கள் மாறினும் குத்தகையும் கடனும் மாறவில்லை. கிராமத்தைப் புகழ்வோர் இதைப் பேசுவதில்லை. 1949இன் அறிக்கையை எழுதிய குமரப்பா பேசினார்.

மூன்றாம் வினா: நீர் யாரைக் கேட்டுப் பாய்கிறது? 1949இல் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, இங்கினியாகலையிலே பட்டிப்பளை ஆற்றை மறித்தது, குடியேற்றங்களை அமைத்தது, ஹிங்குராணையிலே கரும்பும் சீனி ஆலையும் கொண்டுவந்தது. மேலிருந்து வகுத்த திட்டம் நீரைக் கொடுத்தது. கூடவே இன முரணையும் கடைவாய்க்காலில் நீர்த் தட்டுப்பாட்டையும் கொடுத்தது. பின்னர் 1981 முதல், கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கல்லோயா இடதுகரையிலே வாய்க்கால்தோறும் கமக்காரர் அமைப்புகளை உருவாக்கின. தலைவாய்க்காலிலிருந்த சிங்களக் கமக்காரர், கடைவாய்க்காலிலிருந்த தமிழ்க் கமக்காரருக்காக நீரை மிச்சப்படுத்தி அனுப்பியமை அங்கு பதிவாயிற்று. இலட்சக்கணக்கான ரூபாய் சீமெந்தும் ஆணையும் செய்யாததை வாய்க்கால் வரம்பிலே கூடிப் பேசிய மனிதர் செய்தனர். கீழிருந்து தொடங்கும் முறை கனவு என்போருக்கு, அதே மாவட்டம் தரும் விடை இது.

நான்காம் வினா: எடுப்பது தேக்கத்திலிருந்தா, ஓட்டத்திலிருந்தா? திருக்கோவில் கரையோரத்தில் கனிய மணல் அகழும் முயற்சிகளுக்கு எதிராக அண்மைய ஆண்டுகளில் மக்கள் வீதியில் இறங்கினர். இல்மனைற்று முதலிய கனியங்கள் கொண்ட அம்மணல் பிற நாடுகளிலே வர்ணப்பூச்சுக்கு மூலப்பொருளாகும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையைக் கண்ட கரைக்கு, மணல்மேடு எத்தகைய அரண் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்நியச் செலாவணியின் கணக்கில் மணல் வரவு. கரைவலை இழுப்பவனின் கணக்கிலும், கிணற்று நீர் உவராகுமோ என்று அஞ்சுபவளின் கணக்கிலும் அது செலவு. எடுத்த மணல் மீண்டும் பிறப்பதில்லை. இங்கே அபிவிருத்திக்கு எதிரானோர் என்று பழிக்கப்படும் மீனவர், குமரப்பாவின் நூலைப் படியாமலே அவருடைய வகுப்பிலே தேறியவர்கள்.

தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலை மையமாகக் கொண்ட இவ்வூருக்குக் கண்ணகி வழக்குரை மரபு புதியதன்று. அரச சபையிலே சென்று சிலம்பின் கணக்கைக் கேட்டவளை வணங்கும் மக்கள், வயலின் கணக்கையும் மணலின் கணக்கையும் கடனின் கணக்கையும் கேட்பதற்கு உரிமை உடையோரே.

6. மறுப்புகளுக்கு மறுமொழி

குமரப்பாவுக்கு எதிராகச் சொல்லப்படும் சில வாதங்கள் வலுவுடையன. அவற்றை மறைப்பது அவரை வணங்குவோர் செய்யும் தவறாகும்.

உரலும் உலக்கையும் போற்றப்படுகையில், குற்றியவர் பெண்கள் என்பது மறக்கப்படுகிறது. கைக்குத்தரிசியின் சத்தைப் பேசுவோர், விடியுமுன் எழுந்து குற்றிய தாயின் தோள்வலியைப் பேசுவதில்லை. ஆலை வந்தபோது கிழக்கிலங்கைப் பெண்கள் அதனை வரவேற்றமை இயல்பே. இவ்வாதம் நியாயமானது. ஆயினும் குமரப்பாவின் விடை உலக்கைக்குத் திரும்புதல் என்று கொள்வது பொருந்தாது. மகன்வாடியின் வேலை கருவிகளை மேம்படுத்துவதாயிருந்தது. ஊரிலேயே, ஊராருக்கு உரித்தாக, தவிட்டை முற்றாக நீக்காத சிறு ஆலை அமையுமாயின், தாயின் தோளும் தப்பும். ஊரின் வருமானமும் தப்பும். இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பது வினாவன்று. அது எங்கே நிற்கிறது, யாருக்கு உரியது என்பதே வினா. மின்சாரம், போக்குவரத்து போன்ற பெருந்துறைகள் மையப்படுத்தப்பட்டுப் பொது உடைமையாக நடத்தப்படலாம் என்பதை அவரும் ஏற்றிருந்தார்.

அவர் வர்க்க முரண்பாட்டைக் காணவில்லை என்பது இடதுசாரிகளின் குற்றச்சாட்டு. உழுபவனுக்கு நிலம் என்று எழுதியவரும், 1951இல் சீனாவுக்குச் சென்று அங்கு நடந்த நிலச் சீர்திருத்தத்தைப் பாராட்டியவரும் வர்க்கத்தைக் காணவில்லை என்பது முழு உண்மையன்று. ஆயினும் உடைமையாளரின் மனச்சாட்சியில் அவர் வைத்த நம்பிக்கை மிகையானது என்பதை ஒப்புக்கொள்ளலாம். கிழக்கின் போடியார் எவரும் மனச்சாட்சியால் மாத்திரம் வயலைப் பங்கிட்டதாக வரலாறு இல்லை.

மூன்றாவது வாதம்: சிறு தீவொன்று தன் தேவையனைத்தையும் தானே செய்துகொள்ள முடியுமா? முடியாது. மருந்தும் எரிபொருளும் வெளியிலிருந்தே வரவேண்டும். ஆனால் மருதமுனையின் கைத்தறி வெளியூர் நூலையும் வெளியூர்ச் சந்தையையும் நம்பியிருந்தும், நெய்யும் திறன் ஊரிலேயே நிற்கிறது. தறியை வைத்திருக்கும் ஊர் வணிகம் செய்கிறது; தறியையும் இழந்த ஊர் வாங்கிக்கொண்டே இருக்கிறது. குமரப்பா கேட்டது இந்த வேறுபாட்டைக் காக்குமாறே.

7. நிலைத்து நிற்பது

ஜெர்மனியிலே பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பொருளியலாளர் சூமாக்கர், 1955இல் பர்மா சென்றதன் பின் எழுதிய பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரையில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டார். அக்கட்டுரை இடம்பெற்ற 'சிறியதே அழகு' என்னும் நூல் 1973இல் வெளிவந்தது. அதே ஆண்டின் எண்ணெய் நெருக்கடியோடு உலகெங்கும் பரவிற்று. தஞ்சாவூர்த் தமிழரின் சிந்தனையை மேலைநாட்டார் நூலின் வழியே தமிழர் மீளப் பெற நேர்ந்தது பெருமையன்று. இன்று சூழலியற் பொருளியல் என்ற துறை பல்கலைக்கழகங்களிலே கற்பிக்கப்படுகிறது. இயற்கையின் இழப்பைத் தேசியக் கணக்கில் எழுத வேண்டும் என்று அத்துறையினர் கூறுகையில், 1945இல் சிறையிலிருந்த கணக்காளர் ஒருவர் கூறியதையே கூறுகின்றனர்.

ஆனால் குமரப்பாவின் செல்வாக்கை மேற்கோள்களின் எண்ணிக்கையால் அளப்பது அவருக்கு உகந்த அளவையன்று. அவர் விட்டுச் சென்றது ஒரு முறை. எண்ணாமற் பேசாதே, கேளாமற் கட்டளையிடாதே, யார் இட்டது, யார் எடுத்தது என்று இரு பக்கமும் எழுது, பெரியவர் என்பதற்காக ஒருவரது செலவை மறைக்காதே. இம்முறைக்கு 2021இன் தோல்வி மறுப்பன்று. அதன் தேவைக்குச் சான்று.

ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளன. தம்பிலுவிலிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் மாணவர் நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் செல்கின்றனர். மாத்தர் தாலுகாவை எண்ணியோரும் மாணவரே. ஒரு வட்டையின் நெல் எங்கே போகிறது, ஒரு குடும்பத்தின் கடன் எவ்வாறு ஏறிற்று, ஒரு கரையின் மணலால் யாருக்கு என்ன வருகிறது என்று தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் சேர்ந்து வீடு வீடாகச் சென்று எழுதத் தொடங்குவராயின், அடுத்த வர்த்தமானி அறிவித்தல் வரும்போது இப்பிரதேசத்தின் கையில் ஒரு கணக்கேடாவது இருக்கும். 2021இல் அது இருக்கவில்லை. குமரப்பாவுக்கு மாலை சூட்ட விரும்புவோரும் அவரை மறுக்க விரும்புவோரும் முதலிற் செய்யவேண்டிய வேலை அதுவே.